ஃபைல் எங்கே இருக்கிறது?

மதுரை கலெக்டர் ஆபீஸைச் சுற்றி, மாட்டுத்தாவணிப் பக்கம், ஒத்தக்கடை ஹைகோர்ட் எதிரில் என்று எந்த ஜெராக்ஸ் கடையில் கொஞ்ச நேரம் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

"அண்ணே, இந்தப் பென்டிரைவ்ல ரெஸ்யூம் இருக்கு. ரெண்டு காப்பி எடுத்துக் குடுங்கண்ணே."

"ஓப்பன் ஆகலையேம்மா. ஷார்ட்கட்டைத் தூக்கிப் போட்டுக் கொண்டாந்திருக்கியே."

"இல்லண்ணே, திருமங்கலத்துல வீட்ல ஓப்பன் ஆச்சு. டெஸ்க்டாப்ல இருந்து இழுத்துத்தாண்ணே போட்டேன்."

வீட்டில் திறந்தது உண்மைதான். டெஸ்க்டாப்பில் இருந்த படத்தின் இடது கீழ் மூலையில் சின்னதாக ஓர் அம்புக்குறி இருந்திருக்கும், அதைக் கவனித்திருக்க மாட்டார். அம்புக்குறி இருந்தால் அது ஃபைல் இல்லை, ஷார்ட்கட். ரெஸ்யூம் எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரி மட்டுமே அதற்குள் எழுதியிருக்கும். பென்டிரைவில் ஏறி வந்தது அந்த முகவரி, ரெஸ்யூம் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதன்மேல் வலது கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' பார்த்தால் அளவு 1 கேபி, 2 கேபி என்று நிற்கும். போட்டோ ஒட்டிய ரெஸ்யூம் அவ்வளவு சின்னதாக இருக்க வழியே இல்லை. வீட்டிலேயே வலது கிளிக் செய்து 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுத்திருந்தால் உண்மையான ஃபைல் இருக்கும் ஃபோல்டர் திறந்திருக்கும். அங்கிருந்து காப்பி எடுத்து வந்திருந்தால் திருமங்கலத்துக்கும் மதுரைக்கும் இரண்டு பஸ் அலைச்சல் மிச்சம்.

கணினி வகுப்புகளில் முதல் நாளே அபாகஸ், பாபேஜ், ஐந்து தலைமுறைகள், இன்புட், அவுட்புட் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பிள்ளைகளும் சுருக்கெழுத்துகளுக்கு விரிவாக்கம் எழுதி மார்க் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அடித்த கடிதம் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் வருவதில்லை. புதிதாகக் கற்பவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஃபைலை: அது எங்கே இருக்கிறது, என்ன வகை, எவ்வளவு அளவு. இந்த மூன்றும் தெரிந்தால் ராம், எஸ்எஸ்டி, ஃபார்மட், வைரஸ், கிளவுட் என்று காதில் விழும் மற்றச் சொற்கள் எல்லாம் தாமாக இடம் பிடித்து உட்காரும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் இடம். வேர்டைத் திறந்து நீங்கள் ஒரு பக்கம் அடித்திருக்கிறீர்கள், இன்னும் சேவ் செய்யவில்லை. அது அப்போது இருப்பது ராமில். ராம் என்பது வேலை நடக்கும் இடம். ஹார்ட் டிஸ்க்கோ எஸ்எஸ்டியோ சரக்கு இருக்கும் இடம். தையல் கடையில் வெட்டு மேசையும் துணி அலமாரியும் போல. மேசை பெரிதாக இருந்தால் நாலு துணியை ஒரே நேரத்தில் விரித்து வெட்டலாம், ஆனால் ராத்திரி கடை சாத்தும்போது மேசை காலியாகிவிட வேண்டும். மின்சாரம் போன நொடியில் ராம் துடைத்துவிட்டது மாதிரி ஆகிவிடும். கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தும்போதுதான் மேசையில் இருப்பது அலமாரிக்குப் போகிறது. வேர்டு தானாகவே பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மீட்புக்கு ஒரு நகல் எடுத்து வைக்கிறது, சரிதான். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்குள் கரண்டு போனால் கடைசியாக அடித்தது போச்சு. தலைப்புப் பட்டையில் 'டாக்குமென்ட் 1' என்றே இருக்கிறதென்றால் அந்தக் கடிதத்துக்கு இன்னும் பெயரும் இல்லை, இடமும் இல்லை. புதுப் பக்கம் திறந்ததும், ஒரு வரி அடிக்கும் முன்பே, பெயர் கொடுத்து சேவ் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

இந்த இரண்டு இடங்களையும் குழப்பிக்கொள்வதால் பணமும் வீணாகிறது. "சிஸ்டம் ஸ்லோவா இருக்கு, மெமரி ஃபுல்" என்று சொல்லி, போட்டோக்களை எல்லாம் அழித்துவிட்டு, அப்படியும் வேகம் வரவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் நிறைய. எது நிரம்பியிருக்கிறது என்று கணினியே சொல்லும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'மெமரி' என்று போட்டிருப்பது ராம். அது எப்போதும் 85, 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ராம் போதவில்லை. குரோமில் திறந்துவைத்த முப்பது டேப்பை மூடிவிட்டுப் பாருங்கள், அப்போதும் இறங்காவிட்டால் ராம் கூட்ட வேண்டும். 'மெமரி' பாதியில் நிற்க, 'டிஸ்க்' மட்டும் 100 சதவீதத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் பிரச்சினை ஹார்ட் டிஸ்க்கில். சுழலும் தட்டு வைத்த ஹார்ட் டிஸ்க் பெரிய ஃபைலை வரிசையாகப் படிக்கும்போது நொடிக்கு 100, 150 எம்பி தரும். விண்டோஸ் தொடங்கும்போது போல ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை அங்கும் இங்குமாகத் தேடிப் படிக்கும்போது அதன் வேகம் அடியோடு விழுந்துவிடும். எஸ்எஸ்டியில் சுழலும் தட்டே இல்லை, எல்லாம் சிப்பில். சாட்டா என்ற இணைப்பில் மாட்டும் எஸ்எஸ்டி நொடிக்கு 500 எம்பிக்கு மேல் தரும், தேடும் நேரம் என்பதே அதில் இல்லாத மாதிரிதான். தமிழக அரசு 2011 முதல் கொடுத்த இலவச மடிக்கணினிகள் மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. திரையும் கீபோர்டும் நன்றாக இருந்தால், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஓர் எஸ்எஸ்டி போட்டாலே, டைப் அடிக்கவும் பிள்ளைகள் படிக்கவும் இன்னும் சில வருஷம் ஓட்டலாம்.

ராம் வாங்கப் போகுமுன் வகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றிலும் அடியில் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று உட்காராது, அழுத்தினால் உடையும். லேப்டாப் ராம் நீளத்தில் டெஸ்க்டாப் ராமில் பாதிதான். டவுன்ஹால் ரோடு பக்கம் கடைக்குப் போவதானால் பழைய ராமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவது நல்லது. கடைக்காரரிடம் 'சிபியு சரியில்லை' என்றால் பெட்டி முழுவதையும்தான் சொல்கிறீர்கள் என்று அவர் எடுத்துக்கொள்வார். பெட்டிக்குள் கணக்குப் போடும் ப்ராசசர் தனி, எல்லாவற்றையும் இணைக்கும் மதர்போர்டு தனி, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் தனி. எது போனதோ அதற்குத்தான் காசு.

புது டிஸ்க் வாங்கியவர்கள் கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1 டிபி என்று வாங்கினால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும், 500 ஜிபி என்றால் 465. யாரும் ஏமாற்றவில்லை. சேமிப்பின் சின்ன அலகு பைட். தயாரிப்பாளர் ஒரு ஜிபி என்பதை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1024ஐ மூன்று முறை பெருக்கி, 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட்டை ஒரு ஜிபி என்கிறது. அதே சரக்கு, படி வேறு.

இனி அளவு. தேர்வு விண்ணப்பம், உதவித்தொகை, வேலைவாய்ப்புப் பதிவு என்று ஆன்லைனில் எதைத் தொட்டாலும் 'போட்டோ 20 கேபிக்கும் 50 கேபிக்கும் இடையில்', 'சான்றிதழ் 2 எம்பிக்குள்' என்கிற மாதிரி ஒரு நிபந்தனை வந்து நிற்கும். இ-சேவை மையத்தில் ஆள் திணறுவது இங்கேதான்.

ஒரு பைட் என்பது எட்டு பிட், ஒரு பிட் என்பது 0 அல்லது 1. ஏறத்தாழ ஆயிரம் பைட் ஒரு கேபி, ஆயிரம் கேபி ஒரு எம்பி, ஆயிரம் எம்பி ஒரு ஜிபி. ஆங்கிலத்தில் மதுரை என்று எழுத ஏழு எழுத்து, ஏழு பைட். தமிழில் எழுதினால் மூன்று எழுத்துதானே, மூன்று பைட் ஆகும் என்று தோன்றும். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடில் ம ஒன்று, த ஒன்று, உகரக்குறி ஒன்று, ர ஒன்று, ஐகாரக்குறி ஒன்று என ஐந்து குறிகள். இணையத்தில் பரவலாகப் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ஆக 15 பைட். இரண்டு மடங்குக்கு மேல் வந்தாலும் உரைக்கு இதெல்லாம் ஒரு பாரமே இல்லை. 1330 குறளையும் வெறும் உரையாக அடித்து வைத்தால் 300 கேபிக்குள் அடங்கிவிடும். அதே நேரம் உங்கள் போனில் எடுத்த ஒரே ஒரு போட்டோ 3, 4 எம்பி. இடத்தை அடைப்பது படம்தான், எழுத்து இல்லை.

படம் ஏன் பெரிது? அது புள்ளிகளால் ஆனது. 12 மெகாபிக்சல் கேமராவில் அகலம் 4000, உயரம் 3000, மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளி. பாஸ்போர்ட் அளவு படத்துக்கு இவ்வளவு தேவையே இல்லை. 3.5 செமீ அகலம், 4.5 செமீ உயரம், அங்குலத்துக்கு 200 புள்ளி என்று கணக்குப் போடுங்கள். 3.5ஐ 2.54ஆல் வகுத்து 200ஆல் பெருக்கினால் 276. அதேபோல் உயரம் 354. மொத்தம் 98 ஆயிரம் புள்ளிக்குள் முடிந்துவிடுகிறது.

செய்யும் முறை இதுதான். விண்டோஸிலேயே இருக்கும் பெயின்டில் படத்தைத் திறங்கள். முதலில் முகமும் தோளும் மட்டும் வரும்படி 'கிராப்'. அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 7க்கு 9 ஆக இருக்க வேண்டும். கிராப்பிலேயே அதைக் கொண்டுவராமல் பிறகு எண்ணைத் திணித்தால் முகம் ஒட்டிப்போகும் அல்லது உப்பிப்போகும். அப்புறம் 'ரீசைஸ்', அதில் 'பிக்சல்ஸ்' தேர்ந்தெடுத்து அகலம் 276. 'மெயின்டெய்ன் ஆஸ்பெக்ட் ரேஷியோ' டிக் போட்டிருந்தால் உயரம் தானாக 354ஐ ஒட்டி வரும். 'சேவ் ஆஸ்' போய் ஜேபிஇஜி என்று கொடுத்து வேறு பெயரில் சேமியுங்கள். மூலப்படம் அப்படியே இருக்கட்டும். அளவைப் பாருங்கள், பெரும்பாலும் வரம்புக்குள் வந்துவிடும். 20 கேபிக்குக் கீழே போய்விட்டால் சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்காதீர்கள், மங்கிவிடும். மூலப்படத்தில் இருந்து மறுபடி 413க்கு 531 என்று எடுங்கள், அது 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கு.

சான்றிதழ் ஸ்கேன் செய்யும்போதும் இதே கணக்குதான். ஏ4 தாளைக் கலரில் 300 டிபிஐயில் எடுத்தால் 2480க்கு 3508 புள்ளி, சுருக்காமல் வைத்தால் ஒரு பக்கமே 26 எம்பி. 150 டிபிஐயில் எடுத்தால் பாதி இல்லை, கால்வாசி. அகலமும் பாதி, உயரமும் பாதி ஆவதால் புள்ளிகள் நாலில் ஒன்றாகிவிடுகின்றன. மார்க் ஷீட்டைப் படிக்க 150 டிபிஐயில் கிரேஸ்கேல், அதாவது கலர் இல்லாத சாம்பல் சாயல், தாராளம். சாதிச் சான்றிதழில் முத்திரை மங்கலாக இருந்தால் 200 வைத்துக்கொள்ளலாம். முதலிலேயே சரியான அளவில் ஸ்கேன் செய்வதுதான் நல்லது. 300 கலரில் எடுத்துவிட்டு, பெயர் தெரியாத 'பிடிஎஃப் சுருக்கும்' இணையதளத்தில் ஆதாரையும் பேங்க் பாஸ்புக்கையும் ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் மனது பதறுகிறது. சுருக்கிக் கொடுத்த தளத்தில் உங்கள் ஆதார் எத்தனை நாள் கிடக்கும் என்று யார் சொல்வது?

வாட்ஸப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் அது தன் வசதிக்குச் சுருக்கிவிடும். சான்றிதழை ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பும்போது பேப்பர் கிளிப் அடையாளத்தைத் தொட்டு 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். அப்போது ஒரு புள்ளி குறையாமல் போய்ச் சேரும்.

மூன்றாவது, வகை. ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பிறகு வரும் ஜேபிஜி, பிஎன்ஜி, பிடிஎஃப், டாக்எக்ஸ் என்பதுதான் எந்த மென்பொருளில் இதைத் திறப்பது என்று விண்டோஸுக்குச் சொல்கிறது. விண்டோஸ் இதை வழக்கமாக மறைத்தே வைத்திருக்கும். இதைப்போல் தீங்கான வசதி இன்னொன்று இல்லை என்பேன். 'பில் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ' என்று மெயிலில் வரும் வைரஸ், கடைசிப் பகுதி மறைந்து 'பில் டாட் பிடிஎஃப்' என்று நல்லபிள்ளையாகத் தெரியும். இஎக்ஸ்இ என்றால் திறந்ததும் ஓடத் தொடங்கும் புரோகிராம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ', விண்டோஸ் 11 என்றால் அதற்குள் 'ஷோ', அங்கே 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். கணினி வாங்கிய அன்றே செய்ய வேண்டிய வேலை இது.

பெயரை மாற்றினால் வகை மாறாது. விண்ணப்பத் தளம் ஜேபிஜி கேட்கிறது என்று பிஎன்ஜி ஃபைலின் வாலை மட்டும் ஜேபிஜி என்று திருத்தி ஏற்றுகிறார்கள். உள்ளே இருப்பது பிஎன்ஜியேதான்; பல தளங்கள் உள்ளே திறந்து பார்த்து நிராகரித்துவிடும். பெயின்டில் திறந்து 'சேவ் ஆஸ்' செய்வதுதான் உண்மையான மாற்றம். ஐபோன் படங்கள் ஹெச்இஐசி என்ற வகையில் வருவதால் சில கணினிகளில் திறக்காது. போனின் கேமரா செட்டிங்கில் 'ஃபார்மட்ஸ்' போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வைத்தால் அதன்பின் எடுப்பதெல்லாம் ஜேபிஜி.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு வகையோடு இன்னொரு சிக்கலும் உண்டு. மதுரையில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து போஸ்டர், கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் என்று டிடிபி வேலைக்கு, அதாவது கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும் வேலைக்குக் குறைவே இல்லை. அந்தக் கடைகளில் பழைய ஃபைல்கள் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தவை. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினி சேமித்து வைப்பது தமிழை அல்ல. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளைத்தான். பாமினி எழுத்துரு அந்தக் குறிகளுக்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் போர்வை விலகி, புரியாத ஆங்கில எழுத்தாக நிற்கும். உடனே "ஃபைல் கரப்ட் ஆயிருச்சு" என்று பதறுகிறார்கள். ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாமினியை நிறுவினால் தெரியும், இல்லையென்றால் எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடுக்கு மாற்றலாம். மாற்றியபின் ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறி நிற்பது உண்டு.

புதிதாகத் தொடங்குகிறவர் நேராக யூனிகோடிலேயே தொடங்குவது நல்லது. கீபோர்டு முறையில் தமிழ்99ஐப் பழகினால் விரலுக்கு வேலை குறைவு. உயிரெழுத்துகள் இடது கைக்கும் மெய்வரிசை பெரும்பாலும் வலது கைக்குமாகப் பிரித்திருப்பதால் இரண்டு கையும் மாறிமாறி ஓடும், 'க்க', 'ட்ட' என்ற இடங்களில் புள்ளியும் தானாக விழும். அச்சுக்குக் கொடுக்கும்போது வேர்டு ஃபைலாகக் கொடுக்காமல் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். வழக்கமாக எழுத்துரு பிடிஎஃபுக்குள்ளேயே உட்கார்ந்து போகும், கடைக்காரர் கணினியில் வரி உடைந்து இரண்டு பக்கம் மூன்றாகாது.

மறுபடி இடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இழப்புகள் பெரும்பாலும் அங்கேதான். "சிஸ்டம் படுத்துருச்சுண்ணே" என்று போனால், "ஒரு ஃபார்மட் அடிச்சிரலாம், டி டிரைவ்ல இருக்கிறது எதுவும் போகாது" என்பார்கள். ஃபார்மட் என்றால் விண்டோஸ் இருக்கும் சி டிரைவைத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. அதனால் சொன்னது சரிதான். ஆனால் உங்கள் ஃபைல்கள் டி டிரைவிலா இருக்கின்றன? டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் நான்கும் வழக்கமாக சி டிரைவில்தான், 'யூசர்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டரில் இருக்கின்றன. கண் முன்னே டெஸ்க்டாப்பில் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு என்று நினைப்பவர்களின் ஃபைல்கள்தான் ஃபார்மட்டில் முதலில் போகின்றன. ஃபார்மட்டுக்கு ஒப்புக்கொள்ளுமுன் இந்த நான்கு ஃபோல்டரையும் வெளி டிஸ்க்கில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். எடுத்த நகலில் இரண்டு மூன்று ஃபைலை உங்கள் கண்முன் திறந்து காட்டச் சொல்லுங்கள். விண்டோஸே தொடங்காவிட்டாலும் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் பெரும்பாலும் எடுக்க முடியும்.

டிஸ்ப்ளே வராததும் இப்படித்தான். பவர் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. ஃபைல் எல்லாம் போச்சே என்று அழ வேண்டியதில்லை. டிஸ்க் தொடப்படாமல் இருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலும் தெருப்புழுதியும் சேர்ந்து ராமின் பொன்முலாம் பூசிய கால்களில் படலம் கட்டியிருப்பது இதற்கு அடிக்கடி காரணம். பிளக்கைக் கழற்றுங்கள். பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே தேங்கிய மின்சாரம் வடியட்டும். பெட்டியின் உலோகச் சட்டத்தை ஒருமுறை தொட்டுவிட்டு ராமின் இருபக்கக் கொக்கியை விலக்கி எடுங்கள். கால்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு, 'டிக்' என்று கொக்கி தானாக மூடும்வரை அழுத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். தண்ணீரோ ஈரத்துணியோ கூடாது.

தேதி தினமும் பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறது, பேங்க் தளமும் ஜிமெயிலும் 'கனெக்ஷன் பிரைவேட் இல்லை' என்று திறக்க மறுக்கின்றன என்றால் நெட்காரரைத் திட்டாதீர்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் செல் தீர்ந்துவிட்டது. இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்று பிரௌசர் பார்க்கிறது. கணினியின் தேதியே தப்பென்றால் எல்லாச் சான்றிதழும் செல்லாததாகத்தான் தெரியும். வாட்ச் கடையிலும் கிடைக்கிற செல்தான் அது.

யூபிஎஸ் பற்றி இரண்டு வரி. 600 விஏ என்று போட்டிருந்தால் அது 600 வாட் இல்லை, வழக்கமாக 360 வாட். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி புதிதாக இருக்கும்போது பத்து, பதினைந்து நிமிஷம் தாங்கும். அது சேவ் செய்து ஒழுங்காக மூடுவதற்கான நேரம், தொடர்ந்து வேலை செய்ய அல்ல. லேசர் பிரிண்டரை அதில் மாட்டாதீர்கள். பொடியை உருக்கும் ஹீட்டர் ஒரே இழுப்பில் இழுக்கும் மின்சாரத்தில் யூபிஎஸ் விழுந்து கணினியும் சேர்ந்து அணையும். கணினிப் பெட்டியைத் தொட்டால் சுரீரென்கிறது என்றால் பெரும்பாலும் சுவரில் எர்த் இல்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பென்டிரைவ், ஃபைலைக் கொண்டுபோகும் வண்டிதான், வைத்திருக்கும் வீடு அல்ல. அதில் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் போய்விடும். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் 20 ஜிபி காலி இருந்தாலும் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. கல்யாண வீடியோவை ஏற்றும்போது இது தெரியும். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்ற வேண்டும், மாற்றினால் உள்ளே இருப்பது அழியும், முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நெட் சென்டருக்குப் போய்வந்த பென்டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் எதையும் டபுள் கிளிக் செய்யாதீர்கள். வைரஸ் உங்கள் ஃபைல்களை மறைத்துவிட்டுத் தன்னை முன்னால் வைத்திருக்கிறது. 'வியூ'வில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' டிக் செய்யுங்கள், சிஸ்டம் ஃபைல் என்று குறித்து மறைத்திருந்தால் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதன் டிக்கையும் எடுங்கள். பெரும்பாலும் எல்லாம் பத்திரமாக இருக்கும். விண்டோஸ் டிஃபெண்டரால் பென்டிரைவை முழுதாக ஸ்கேன் செய்தபின் காப்பி எடுங்கள்.

கடைசி இடம், கிளவுட். ஃபைல் வேறு யாரோ ஒருவரின் கணினியில், நெட் வழியே எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். போட்டோ நிரம்பினால் மெயில் வருவதும் நின்றுபோகும். புது லேப்டாப்பில் விண்டோஸ் 11 உங்களிடம் சரியாகக் கேட்டும் கேட்காமலும் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் ஒன்டிரைவுக்கு மாற்றிவிடுவது உண்டு. அதன் இலவச அளவு 5 ஜிபி. ஃபைலுக்குப் பக்கத்தில் நீல மேகம் இருந்தால் அது நெட்டில் மட்டும் இருக்கிறது. பேரையூர்ப் பக்கம் சிக்னல் இல்லாத ஊரில் திறக்காது. கிளம்புமுன் வலது கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்துவிட்டுப் போங்கள். நெட் வேகம் 40 எம்பிபிஎஸ் என்றால் அது பிட் கணக்கு; எட்டால் வகுத்து நொடிக்கு 5 எம்பி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நெட் சென்டரிலோ ஜெராக்ஸ் கடையிலோ உங்கள் மெயிலைத் திறந்தால் ஃபைல் அங்கே ஒரு நகல் விட்டுவிட்டு வருகிறது. பார்த்த தளங்களை நினைவில் வைக்காத இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்தாலும் டவுன்லோட் ஆனது டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். இ-ஆதார் பிடிஎஃபின் பாஸ்வேர்டு உங்கள் ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு பெரிய எழுத்தும் பிறந்த வருஷமும்தான், உங்கள் ஆதார் நகலைப் பார்த்த யாருக்கும் அது தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து உங்கள் ஃபைலைத் தேர்ந்து ஷிஃப்டும் டெலீட்டும் சேர்த்து அழுத்துங்கள். பிரிண்டுக்கு முன் கடைக்காரர் டெஸ்க்டாப்பில் இழுத்து வைத்திருந்தால் அதையும். வாட்ஸப் வெப் திறந்திருந்தால் போனில் 'லிங்க்டு டிவைசஸ்' போய் அந்தக் கணினியை லாக் அவுட் செய்யுங்கள். ஜிமெயிலில் சைன் அவுட் செய்ய மறந்து வீடு வந்துவிட்டால் மறுபடி பஸ் ஏற வேண்டாம்: போனில் கூகுள் கணக்கைத் திறந்து 'செக்யூரிட்டி', அதில் 'யுவர் டிவைசஸ்', பட்டியலில் அந்தக் கணினியைத் தொட்டு 'சைன் அவுட்'.